வேறு நாட்டில் வசிப்பவர் தம் நிறுவனத்துக்கு வங்கிக் கணக்குத் தொடங்கும் முறை

ஒரு நாட்டில் நிறுவனத்தைப் பதிவு செய்துவிட்டு வேறொரு நாட்டில் வசிப்பவருக்கு, பதிவைவிட வங்கிக் கணக்குத் தொடங்குவதே பெரும்பாலும் கடினமாக இருக்கிறது. நிறுவனத்தின் பின்னால் இருக்கும் மனிதர் யார், பணம் எங்கிருந்து வருகிறது, இந்த நாட்டில் கணக்கு எதற்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைக்கும்வரை வங்கி கணக்கைத் திறக்காது. விண்ணப்பிக்கும் முன்பே இவற்றுக்கு ஆவணங்களோடு விடை தயாரித்துக்கொள்ள வேண்டும்.

வங்கி தேடுவது பங்குப் பதிவேட்டில் உள்ள பெயரை மட்டுமல்ல, இறுதியில் பயனடையும் மனிதரை. பல நாடுகளில் 25 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் உண்மையான உரிமையாளராகக் கருதப்படுகிறார். அதைவிடக் குறைந்த அளவையே கேட்கும் வங்கிகளும் உண்டு. உங்கள் பங்குகள் மற்றொரு நிறுவனத்தின் வழியாக இருந்தால், கடைசி மனிதர்வரை செல்லும் உரிமை வரைபடம் ஒன்றை ஒரே தாளில் வரைந்து இணைத்துவிடுங்கள்.

பாஸ்போர்ட், அண்மைய முகவரிச் சான்று, நிறுவனப் பதிவுச் சான்றிதழ், நிறுவன விதிமுறைகள், கணக்குத் தொடங்க அனுமதிக்கும் இயக்குநர் குழுத் தீர்மானம் ஆகியவை அநேகமாக எல்லா இடங்களிலும் கேட்கப்படுகின்றன. வெளிநாட்டு ஆவணங்களுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணத்திலுள்ள கையொப்பமும் முத்திரையும் உண்மையானவை என்று அதை வழங்கிய நாடே தரும் சான்று, தேவைப்படலாம். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இரு நாடுகளும் சேர்ந்திருந்தால்தான் அது செல்லும். இல்லையெனில் தூதரகச் சான்றொப்பம் பெற வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பெயரைக் கவனியுங்கள்: ஓர் ஆவணத்தில் முன்னெழுத்தும் மற்றொன்றில் விரிந்த பெயரும் இருந்தால், மற்ற அனைத்தும் சரியாக இருந்தும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடக்கூடும்.

என் கணிப்பில், மிகுதியான விண்ணப்பங்கள் தடுமாறுவது இரண்டாவது, மூன்றாவது கேள்விகளில்தான். 'ஆலோசனைச் சேவை' என்று இரண்டு சொற்களில் எழுதுவது போதாது. யாருக்கு என்ன விற்கிறீர்கள், எந்த நாடுகளிலிருந்து பணம் வரும், மாதந்தோறும் ஏறக்குறைய எவ்வளவு வரும், எங்கே செலவாகும் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, ஒப்பந்தங்கள், விலைப்பட்டியல்கள், முந்தைய வங்கி அறிக்கைகள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். முதலீட்டுத் தொகை சேமிப்பிலிருந்து வந்ததா, சொத்து விற்பனையிலிருந்து வந்ததா என்பதற்கும் சான்று வேண்டும்.

வரி வசிப்பிடத்தை, அதாவது வரிச் சட்டப்படி நீங்கள் எந்த நாட்டில் வசிப்பவராகக் கருதப்படுகிறீர்கள் என்பதை, உள்ளபடியே எழுதுங்கள். 2014இல் உருவான பொது அறிக்கையிடல் நெறிமுறையின்கீழ், அதில் சேர்ந்த நாடுகள் கணக்கு விவரங்களைத் தமக்குள் பரிமாறிக்கொள்கின்றன. மறைத்தது பின்னால் வெளிப்பட்டால் கணக்கே மூடப்படலாம்.

நேரில் வர வேண்டுமா, உங்கள் தொழில்வகையையும் நாட்டையும் ஏற்கிறார்களா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வங்கியாக இல்லாமல் மின்னணு வடிவில் பணத்தை வைத்திருந்து அனுப்ப உதவும் மின்பண நிறுவனங்கள் இணையவழியிலேயே விரைவாகக் கணக்குத் தருகின்றன. ஆனால் நிறுவனம் நொடித்தால் வாடிக்கையாளரின் தொகையை ஒரு வரம்புவரை ஈடுசெய்யும் வைப்புக் காப்பீடு, அவற்றிலுள்ள தொகைக்குப் பொதுவாகக் கிடையாது. ஆகையால் அன்றாட வரவு செலவுக்கு அவற்றைப் பயன்படுத்தலாமே தவிர, நிறுவனத்தின் இருப்பு முழுவதையும் அங்கே வைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கணக்குத் திறந்தபின் பங்குதாரரோ முகவரியோ தொழிலோ மாறினால், வங்கி கேட்கும்வரை காத்திராமல் நீங்களே தெரிவித்துவிடுங்கள்.