டீ டம்ளரில் ஒளிந்திருந்த கணக்கு

கிருஷ்ணகிரியில் மாம்பழப் பருவம் தொடங்கிய மாதத்தில்தான் எடை குறைக்க முடிவெடுத்தேன். நேரம் தெரிந்து முடிவெடுப்பதில் நான் கெட்டிக்காரன்!

ஒரு நாளைக்கு 1,500 கலோரி என்று நோட்டில் எழுதிவந்தேன். களி, கீரைக் கடைசல், சோறு எல்லாம் கணக்கில் இருந்தன. ஆறு வாரமாகியும் எடை அசையவில்லை. பிறகுதான் பஸ் நிலையத்து டீக்கடை நினைவுக்கு வந்தது. தினம் ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. கரண்டிக்கு 5 கிராம் என்றால் 50 கிராம். கிராமுக்கு 4 கலோரி வீதம் 200 கலோரி, பால் தனி. நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

அம்மா நாட்டுச் சர்க்கரைக்கு மாறச் சொன்னார். கலோரியில் அதுவும் ஏறக்குறைய அதேதான்.

முதலில் டீயைக் கணக்கில் சேர்த்து, சோற்றைக் குறைத்தேன். எடை இறங்கத் தொடங்கியது. மொத்தக் கலோரி குறைந்தால் சர்க்கரை தின்றாலும் எடை குறையும் என்பது உண்மைதான். ஆனால் நான்கு மணிக்குப் பசி உயிரை எடுத்தது. டீயில் போன 200 கலோரி வயிற்றில் நிற்கவே இல்லை. உலக சுகாதார நிறுவனம், சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது. எனக்கு அது 37 கிராம்.

இப்போது இரண்டு டீ, அரைக் கரண்டி. மிச்சத்துக்கு அவித்த கொண்டைக்கடலை. மாம்பழத்தை மட்டும் விடவில்லை, எடை போட்டுத்தான் நறுக்குகிறேன். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சர்க்கரை டப்பாவை மூடிவைக்கிறார்.