கோத்தகிரியிலிருந்து ஒரு சின்ன ஹோஸ்டிங்: முதல் சர்வரை அமைப்பது எப்படி

டெவலப்பர் நண்பர்கள் நாலைந்து பேருக்கு ஹோஸ்டிங் (அவர்கள் தளங்களை உங்கள் சர்வரில் ஓட்டும் வசதி) கொடுக்க ஆசையா? கோத்தகிரியில் உட்கார்ந்தே நடத்தலாம். சர்வரை மட்டும் வீட்டில் வைக்காதீர்கள். ஐப்பசி மழையில் ஒரு சில்வர் ஓக் கம்பி மேல் சாய்ந்தால் கரண்டும் ஃபைபரும் சேர்ந்தே போய்விடும்.

1. சர்வர் எடுப்பது

சென்னையிலோ மும்பையிலோ டேட்டா சென்டர் உள்ள இடத்தில் 2 ஜிபி ராம் கொண்ட விபிஎஸ் (பெரிய சர்வரில் உங்களுக்கென்று ஒதுக்கிய ஒரு பங்கு) ஒன்று வாடகைக்கு எடுங்கள். அதில் உபுண்டு லினக்ஸின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பைப் போடுங்கள். பாதுகாப்பு அப்டேட் 5 வருடம் வரும்.

2. கதவைப் பூட்டுவது

எஸ்எஸ்எச் கீ (தூரத்திலிருந்து சர்வருக்குள் போக, பாஸ்வேர்டுக்குப் பதிலான சாவிக் கோப்பு) வைத்து உள்ளே போய்ப் பழகிய பிறகு பாஸ்வேர்ட் லாகினை நிறுத்துங்கள். ஃபயர்வாலில் 22 (எஸ்எஸ்எச்), 80, 443 (இரண்டும் வெப்) மூன்று போர்ட் போதும். 22-ஐத் திறந்துவிட்டுத்தான் ஃபயர்வாலை ஆன் செய்ய வேண்டும். திறந்திருக்கும் விண்டோவை மூடாமல், இன்னொரு விண்டோவில் லாகின் ஆகிறதா என்று பாருங்கள்.

3. ஆளுக்கு ஒரு யூசர்

எல்லாருடைய தளத்தையும் ஒரே யூசரில் போட்டால், ஒருவர் கோடில் உள்ள ஓட்டை வழியாக மற்றவர் பாஸ்வேர்டும் வெளியே போகும். ஆளுக்கு ஒரு லினக்ஸ் யூசர், ஹோம் ஃபோல்டருக்கு 750 பர்மிஷன் (சொந்தக்காரருக்கு எல்லா உரிமையும், அவர் குரூப்புக்குப் படிக்க மட்டும், மற்றவர்க்கு எதுவுமில்லை). தளங்களை வெளியே காட்டும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் ஓடும் யூசரை அந்தந்த குரூப்பில் சேர்த்துவிட்டால் அதனால் படிக்க முடியும். அப்புறம், ஒவ்வொரு ஆப்பையும் சிஸ்டம்டி (லினக்ஸில் புரோகிராம்களைத் தொடங்கி நிர்வகிப்பது) சர்வீஸாக ஓட்டி, மெமரிக்கு உச்சவரம்பு வையுங்கள். 300 எம்பி என்று தொடங்கலாம்.

4. கிட் புஷ் செய்தால் தளம் மாற வேண்டும்

கிட் என்பது கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி; புஷ் என்றால் அவற்றை சர்வருக்கு அனுப்புவது. டெவலப்பர்கள் உங்களிடம் தங்குவது இதற்காகத்தான். ஒவ்வொருவருக்கும் சர்வரில் ஒரு பேர் (bare) ரெப்போ, அதாவது புஷ்ஷை வாங்கிக்கொள்ளும் கிட் கிடங்கு; அதில் போஸ்ட்-ரிசீவ் ஹுக், அதாவது புஷ் வந்ததும் தானாக ஓடும் ஸ்கிரிப்ட். அந்த ஸ்கிரிப்ட் புது ஃபோல்டரில் கோடை எடுத்து, பில்ட் செய்து, எல்லாம் சரியாக முடிந்தால் மட்டும் சிம்லிங்க்கை (தளம் எந்த ஃபோல்டரில் என்று காட்டும் சுட்டியை) புதிய ஃபோல்டருக்குத் திருப்பி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும். பில்ட் உடைந்தால் பழைய தளம் அப்படியே ஓடும். பழையதற்குத் திரும்பவும் லிங்க்கை மாற்றினால் போதும்.

5. சான்றிதழ்

தளம் https-இல் திறக்கச் சான்றிதழ் வேண்டும்; லெட்ஸ் என்க்ரிப்ட் தருவது இலவசம். காலாவதி 90 நாளில். இனி இன்னும் குறையப் போகிறது. சர்ட்பாட் என்ற புரோகிராம் தானாகப் புதுப்பிக்கும். அந்தப் புதுப்பிப்பை ஒருமுறை ஒத்திகை ஓட்டிப் பாருங்கள்.

6. பேக்கப்

இங்கே நிதானமாகப் படியுங்கள். பச்சைத் தேயிலை எடைக் கணக்கு ஆப் ஒன்று என் சர்வரில் ஓடியது. தினமும் இரவு டேட்டாபேஸ் டம்ப் (முழு டேட்டாவின் கோப்பு நகல்) எடுத்து, ஜிஜிப் என்ற சுருக்கும் கருவியில் சுருக்கி வைத்தேன். தினமும் புதுக் கோப்பு வந்தது, நானும் நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் ஒரு டேபிளைத் திரும்ப எடுக்கப் போனால், மூன்று வாரமாக ஒவ்வொரு கோப்பும் வெறும் 20 பைட். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றிய நான், பேக்கப் ஸ்கிரிப்டில் அதை மாற்றவில்லை. டம்ப் தோற்றது; ஜிஜிப் காலி உள்ளீட்டைச் சுருக்கி 'வெற்றி' என்று சொல்லிவிட்டது. அந்த விவசாயிகளின் மூன்று வாரக் கணக்கைத் துண்டுச் சீட்டுகளிலிருந்து திரும்ப ஏற்றினோம்.

ஆகவே பேஷ் ஸ்கிரிப்டின் தலையில் பைப்ஃபெயில் (pipefail) போடுங்கள்; டம்ப் தோற்றால் ஜிஜிப் வென்றாலும் மொத்தமும் தோல்வி என்றே காட்டும். கோப்பு நேற்றையதைவிட ரொம்பச் சிறுத்தால் எச்சரிக்கை வரட்டும். ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி வழியாக வேறு ஊரில், வேறு நிறுவனத்தில் ஒரு பிரதி வையுங்கள். மாதம் ஒருமுறை மணிக்கணக்கு வாடகையில் ஒரு காலி சர்வர் எடுத்து, பேக்கப்பிலிருந்து முழுத் தளத்தையும் எழுப்பிப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொண்டு சர்வரை அழித்துவிடலாம்.

7. கண்காணிப்பு

சர்வர் விழுந்ததை அதே சர்வர் சொல்லாது. சோதனை வெளியிலிருந்து நடக்க வேண்டும். டிஸ்க் 80 சதவீதம் தாண்டினாலும் தகவல் வரட்டும், லாக் கோப்புகள்தான் பெரும்பாலும் நிரப்பும். மழையில் டவரே படுத்துவிட்டால் அந்தத் தகவல் உங்களுக்கு வராது. அதனால் சமவெளியில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு கீயும், எதை எப்படி ரீஸ்டார்ட் செய்வது என்று ஒரு பக்கக் குறிப்பும் கொடுத்து வையுங்கள். என்னுடையது மேட்டுப்பாளையத்தில் ஒரு நண்பரிடம் இருக்கிறது.