புது பாஸ்வேர்டை விண்டோஸ் ஏற்க மறுக்கிறதா? காரணத்தைப் பிடிக்கும் வழி

கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தி பாஸ்வேர்டை மாற்றப் போனால், நீளம், சிக்கல்தன்மை, வரலாறு (பழைய பாஸ்வேர்டையே திரும்பக் கொடுக்கக் கூடாது) ஆகிய விதிகளுக்குப் புது பாஸ்வேர்டு பொருந்தவில்லை என்று விண்டோஸ் சொல்லும். மூன்றில் எது என்று சொல்லாது. நான்காவதாக ஒரு காரணமும் உண்டு. அது அந்தச் செய்தியிலேயே இருக்காது. வீட்டுக் கணினியில்கூட 'டொமைன்' (அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) விதி என்றுதான் வரும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

படி 1: எந்த வகைக் கணக்கு?
செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதில் 'யுவர் இன்ஃபோ'. 'லோக்கல் அக்கவுன்ட்' என்று இருந்தால் மேலே படியுங்கள். மின்னஞ்சல் முகவரி தெரிந்தால் அது மைக்ரோசாஃப்ட் கணக்கு. அதன் பாஸ்வேர்டு விதிகள் உங்கள் கணினியில் இல்லை. பின் நம்பருக்கும் விதிகள் தனி.

படி 2: இப்போதுள்ள விதிகளைப் பாருங்கள்
ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, நெட் அக்கவுன்ட்ஸ் என்ற இரண்டு சொற்களை நடுவில் இடைவெளி விட்டு ஆங்கிலத்தில் தட்டுங்கள். குறைந்தபட்ச நீளம், எத்தனை பழைய பாஸ்வேர்டுகள் நினைவில் உள்ளன, குறைந்தபட்ச வயது, அதிகபட்ச வயது எல்லாம் வரும். சிக்கல்தன்மை விதி மட்டும் இந்தப் பட்டியலில் வராது.

புரோ, என்டர்பிரைஸ் பதிப்புகளில் அதையும் பார்க்கலாம். ஸ்டார்ட் மெனுவில் 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி' என்று தேடித் திறந்து, 'அக்கவுன்ட் பாலிசிஸ்', அதற்குள் 'பாஸ்வேர்டு பாலிசி' போங்கள். ஹோம் பதிப்பில் இந்தக் கருவி கிடையாது.

படி 3: பெயர் ஒளிந்திருக்கிறதா?
சிக்கல்தன்மை விதி இயங்கினால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு ஆகியவற்றில் மூன்று வகையாவது வேண்டும். இது பலருக்கும் தெரியும். பெயர்ச் சோதனையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கணக்கின் முழுப்பெயரை இடைவெளி, புள்ளி, கமா, கோடு வருமிடங்களில் விண்டோஸ் துண்டாக்கும். மூன்று எழுத்துக்குக் குறைந்த துண்டை விட்டுவிடும், அதனால் இனிஷியலால் தொல்லையில்லை. மற்றத் துண்டுகளில் ஒன்று பாஸ்வேர்டில் எங்கே இருந்தாலும், பெரிய எழுத்தோ சிறிய எழுத்தோ, மறுத்துவிடும். உதாரணமாக, முழுப்பெயர் 'ஆர். செந்தில் குமார்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. பாஸ்வேர்டு 'குமாரபாளையம்' என்ற ஊர்ப்பெயரும் அதன்பின் ஒரு குறியும் மூன்று எண்களும். நீளம் போதும், நான்கு வகையும் உண்டு. ஆனாலும் ஆங்கில எழுத்தில் ஊரின் முதல் ஐந்தும் 'குமார்'தான், எனவே செல்லாது.

தமிழ் எழுத்துகளும் விதிப்படி தனி வகையாகக் கணக்கில் சேரும். இருந்தும் வேண்டாம்: லாகின் திரையில் தமிழ் கீபோர்டு இல்லாவிட்டால் உள்ளே போக முடியாது.

படி 4: சொல்லப்படாத நான்காவது காரணம்
குறைந்தபட்ச வயது 1 என்றால், இன்று மாற்றிய பாஸ்வேர்டை நாளைவரை நீங்களே மாற்ற முடியாது. எவ்வளவு வலுவானதைக் கொடுத்தாலும் அதே செய்திதான் வரும். வரிசையாக மாற்றி மாற்றி வரலாற்றைக் கடந்து பழைய பாஸ்வேர்டுக்கே திரும்பிவிடாமல் இருக்க வைத்த விதி இது. பாஸ்வேர்டு கசிந்துவிட்டது என்று அவசரமாக மாற்றும் நேரத்தில் இதுவே குறுக்கே நிற்கும்.

படி 5: விதியைத் திருத்துதல்
பாஸ்வேர்டு பாலிசியில் 'மினிமம் பாஸ்வேர்டு ஏஜ்' மீது இருமுறை கிளிக் செய்து 0 கொடுங்கள். அதிகபட்ச வயது வழக்கமாக 42 நாள். அங்கேயும் 0 கொடுத்தால் காலாவதியே ஆகாது. விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து காலாவதி விதியை மைக்ரோசாஃப்டே 2019இல் எடுத்துவிட்டது. சிக்கல்தன்மையை அணைப்பதைவிட நீளத்தை 12 ஆக்குவது மேல். பாஸ்வேர்டைத் திரும்பப் படிக்கக்கூடிய வடிவில் சேமிக்கும் 'ரிவர்சிபிள் என்கிரிப்ஷன்' என்ற வரியைத் தொடவே வேண்டாம்.

திருத்திய நீள, சிக்கல்தன்மை விதி ஏற்கெனவே உள்ள பாஸ்வேர்டைச் சோதிக்காது. அடுத்த முறை மாற்றும்போதுதான் வேலை செய்யும். மதிப்புகள் மங்கலாக இருந்து மாற்ற முடியவில்லை என்றால் அலுவலக டொமைன் கட்டுப்படுத்துகிறது என்று பொருள், ஐடி பிரிவிடம்தான் கேட்க வேண்டும்.

நிர்வாகிக் கணக்கிலிருந்து 'ரீசெட்' செய்தால் வயது, வரலாறு இரண்டும் குறுக்கிடாது; நீளமும் சிக்கல்தன்மையும் அப்போதும் பார்க்கப்படும். ஆனால் லோக்கல் கணக்கில் அப்படிச் செய்தால், அந்தக் கணக்கில் என்கிரிப்ட் செய்து வைத்த கோப்புகள் திறக்காமல் போகலாம். முதலில் அவற்றுக்கு பேக்கப் எடுங்கள்.