பூட்லோடரின் முதல் சில வரிகள்: செக்மென்டும் ஸ்டாக்கும்

எமுலேட்டரில் ஒழுங்காக ஓடிய என் முதல் பூட்லோடர் (இயங்குதளத்தை ஏற்றும் சிறு புரோகிராம்), நிஜக் கணினியில் குப்பை எழுத்துகளைக் கொட்டியது. தரவின் செக்மென்ட்டைக் குறிக்கும் டிஎஸ் ரெஜிஸ்டரில் பூஜ்யம்தான் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டதால் வந்த வினை. கணினியின் தொடக்க மென்பொருளான பயாஸ், 512 பைட் பூட் செக்டரை (வட்டின் முதல் செக்டர்) ஹெக்ஸ் 7சி00 முகவரியில் ஏற்றும், டிரைவ் எண்ணை டிஎல் ரெஜிஸ்டரில் வைக்கும், அங்கே தாவும். மற்ற ரெஜிஸ்டர்களை நம்பாதீர்கள்.

முதலில் சிஎஸ், அதாவது கோடின் செக்மென்ட் ரெஜிஸ்டர். ரியல் மோடில் (பிராசஸர் தொடங்கும் 16 பிட் நிலை) செக்மென்ட்டை 16ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினால் முகவரி கிடைக்கும். அதனால் 0000:7சி00, 07சி0:0000 இரண்டுமே ஒரே இடம். பயாஸ் எந்த வடிவில் தாவியிருந்தாலும் சரி, அசெம்பிளரில் ஆர்க் 7சி00 (கோடு தொடங்கும் ஆஃப்செட்) என்று கொடுத்துவிட்டு, செக்மென்ட் 0 வைத்து அடுத்த வரிக்கே ஒரு ஃபார் ஜம்ப் (சிஎஸ்ஸையும் சேர்த்து மாற்றும் தாவல்) செய்யுங்கள்.

அடுத்து சிஎல்ஐ கட்டளை போட்டு இன்டரப்ட்டை (வன்பொருள் இடையில் குறுக்கிடுவதை) நிறுத்துங்கள். ஏஎக்ஸ் என்ற பொது ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்கி, அதை டிஎஸ், இஎஸ் (கூடுதல் செக்மென்ட்) இரண்டிலும் மூவ் செய்யுங்கள். செக்மென்ட் ரெஜிஸ்டரில் எண்ணை நேராக மூவ் செய்ய முடியாது, அதற்குத்தான் ஏஎக்ஸ்.

இப்போது ஸ்டாக். ஏஎக்ஸை எஸ்எஸ்ஸில் (ஸ்டாக்கின் செக்மென்ட்) வையுங்கள், அதற்கு அடுத்த வரியிலேயே எஸ்பியில் (ஸ்டாக் உச்சியின் ஆஃப்செட்) 7சி00. நடுவில் வேறு எதுவும் வேண்டாம். எஸ்எஸ் மாறி எஸ்பி மாறாத நேரத்தில் இன்டரப்ட் வந்தால் ஃபிளாக்ஸ், சிஎஸ், ஐபி (அடுத்த கட்டளையின் ஆஃப்செட்) என 6 பைட் கண்ட இடத்தில் போய் விழும். எஸ்எஸ்ஸை மாற்றியதும் அடுத்த கட்டளை முடியும்வரை பிராசஸரே இன்டரப்ட்டைத் தள்ளிப்போடும்தான். ஆனால் ஆரம்பகால 8088 சிப்களில் அது சரியாக வேலை செய்யவில்லை. சிஎல்ஐ இருந்தால் கவலையில்லை.

நம் கோடே 7சி00இல்தானே இருக்கிறது, மோதாதா? மோதாது. ஸ்டாக் கீழ்நோக்கி வளரும், முதல் புஷ் (ஸ்டாக்கில் ஒரு மதிப்பைப் போடுவது) 7பிஎஃப்இ முகவரிக்குப் போகும். அங்கிருந்து ஹெக்ஸ் 500 வரை 30,464 பைட் காலி. அதற்குக் கீழே இன்டரப்ட் அட்டவணையும் பயாஸின் தரவும் இருக்கின்றன, தொடக்கூடாது. மாறாக எஸ்பியை 7இ00 என்று வைத்தால், முதல் புஷ் செக்டர் கடைசியில் உள்ள 55 ஏஏ என்ற பூட் அடையாளத்தின் மேலேயே எழுதும். பயாஸ் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டதால் ஒன்றும் ஆகாது. அப்புறம் வரும் புஷ்கள் உங்கள் கோடையே தின்ன ஆரம்பிக்கும்.

கடைசியாக எஸ்டிஐ (இன்டரப்ட்டை மீண்டும் அனுமதிக்க), சிஎல்டி (ஸ்ட்ரிங் கட்டளைகள் முன்னோக்கிப் போக). டிஎல்லை மெமரியில் சேமிப்பதும் இப்போதுதான், டிஎஸ் சரியான பிறகு.

சோதிக்க, ஏஎக்ஸில் ஹெக்ஸ் 1234 வைத்துப் புஷ் செய்து, டீபக்கரில் 7பிஎஃப்இயைப் பாருங்கள். 34, 12 என்ற வரிசையில் (கீழ் பைட் முதலில்) இருந்தால் ஸ்டாக் சரியாக அமைந்துவிட்டது.