சூட்கேஸ் வாங்குவதற்கு முன்னால்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் சந்தையில் காலை ஏழு மணிக்குக் கிளம்பும் சேதி பத்து மணிக்குள் சுங்கைப்பட்டாணி போய்விடும். சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் பூசைக்கு உதவும் பீடச் சிறுவன் ஒருவன், பள்ளியின் எஸ்.பி.எம். பரீட்சை முடித்த கையோடு, "சாமியாராப் போகலாமான்னு யோசிக்கிறேன் அங்கிள்" என்றான். யோசிக்கிறேன் என்றுதான் சொன்னான். அடுத்த ஞாயிறே பூசை முடிந்ததும் பாட்டிமார் அவன் கையைப் பிடித்து முத்தமிட்டார்கள். பிறகு ஜெபக்கூட்டம், படம் போட்ட பேனர், கோழி பிரியாணியோடு வழியனுப்பு விருந்து, எல்லோரும் காசு போட்டு வாங்கிய பெரிய நீலச் சூட்கேஸ்.

ஏழு மாதத்தில் திரும்பி வந்தான். தப்பு எதுவும் செய்யவில்லை. தனக்கு இது இல்லை என்று தெரிந்தது, வந்துவிட்டான். ஆனால் அதற்கப்புறம் ஒரு வருஷம் எங்கள் கோவில் படியை மிதிக்கவில்லை. பஸ் பிடித்து வேறு ஊருக்குப் போய்ப் பூசை பார்த்தான். அந்தச் சூட்கேஸுக்குக் காசு போட்டவர்களில் நானும் ஒருவன்.

இறையழைத்தல், அதாவது குருவாகவோ துறவியாகவோ வாழக் கடவுள் கூப்பிடுகிறார் என்கிற விஷயத்தில் நம் பிள்ளைகள் செய்யும் தவறு என்று பேச ஆரம்பித்தால், பாதி தவறு நம்முடையது. ஒரு பிள்ளையின் யோசனையை ஊர் கூடி முடிவாக்கிவிடுகிறோம். பெண் பார்க்கப் போன இடத்திலேயே தாலி கட்டச் சொல்கிற மாதிரி. அதனால் பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது இதுதான்: ஆரம்பத்தில் ரெண்டு மூணு பேருக்கு மேல் சொல்லாதீர்கள். பங்குச் சாமியார், நீங்கள் நம்பும் ஒரு சிஸ்டர் அல்லது பிரதர், வீட்டில் வாய் அடக்கமான ஒருவர். போதும்.

இத்தனைக்கும் திருச்சபை ஒரே நாளில் யாரையும் கட்டிப்போடுவதில்லை. துறவற சபைகளில் 17 வயது முடியாமல் நவதுறவில், அதாவது ஆரம்பப் பயிற்சிக் காலத்தில், சேர முடியாது. நவதுறவு குறைந்தது 12 மாதம். அப்புறம் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதலோடு வாழ்வதாகக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு, தற்காலிக வார்த்தைப்பாடு. அது குறைந்தது மூன்று வருஷம், வழக்கமாக ஆறுக்கு மேல் போகாது. 21 வயதுக்கு முன் நித்திய வார்த்தைப்பாடு கிடையாது. இவ்வளவு வருஷம் எதற்கு? அவர்கள் உங்களைப் பார்ப்பதற்கும், நீங்கள் அவர்களைப் பார்ப்பதற்கும்தான். நடுவில் கதவைத் திறந்து வெளியே வருவது அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிற வழி.

மலேசியாவின் முதல் கர்தினால் சோத்தர் பெர்னாண்டஸ் பக்கத்துச் சுங்கைப்பட்டாணியில் 1932-இல் பிறந்தவர். முதலில் பள்ளி நடத்தும் துறவற சபையான லசால் சகோதரர்களின் நவதுறவில் சேர்ந்தார். அப்பா இறந்ததும் குடும்பத்தைப் பார்க்க வெளியே வந்தார். பிறகுதான் குருக்களுக்குப் பயிற்சி தரும் பினாங்கு குருமடம்; 1966-இல் குருப்பட்டம் பெறும்போது வயது 34. அன்றைக்கு வீடு திரும்பியவரைப் பார்த்து யாராவது உச்சுக் கொட்டியிருப்பார்கள், சந்தேகமே இல்லை.

அம்மாக்களின் நேர்ச்சை இன்னொரு சிக்கல். "நீ காய்ச்சல்ல கெடந்தப்ப, பொழச்சா சாமிக்குக் குடுத்துடறேன்னு புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாளுக்கு நேந்துகிட்டேன்" என்று சொல்லி வளர்த்த பிள்ளை, தன் மனசில் இருப்பது அழைப்பா அம்மாவின் கண்ணீரா என்று எப்படிப் பிரிக்கும்? வற்புறுத்தலுக்கோ கடும் பயத்துக்கோ உட்பட்டு ஒருவர் நவதுறவில் சேர்ந்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது என்கிறது திருச்சபைச் சட்டம். நேர்ந்தது அம்மா என்றால் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றட்டும். பிள்ளை தானாக யோசிக்கட்டும்.

இதற்கு நேர் எதிரான வீடுகளும் உண்டு. தோட்டத் தொழிலாளர் லயத்தை விட்டுத் தாமான் எனும் வீட்டுமனைக் குடியிருப்புக்கு வந்து ஒரு தலைமுறைகூட ஆகாத குடும்பம், மூத்த பையன் சம்பளத்தை நம்பி இருக்கும், அவனை விட மனசு வராது. அதே சமயம், அந்தப் பையனுக்குக் குருமடம் போனால் படிப்பும் கிடைக்கும், மரியாதையும் கிடைக்கும் என்ற நினைப்பும் உள்ளே ஓடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த மனுஷனுக்கும் ஒரே காரணம் மட்டும் இருப்பதில்லை. அதை மறைப்பதுதான் தவறு. உங்களை வழிநடத்துகிறவரிடம் அப்படியே போட்டு உடைத்துவிடுங்கள்.

கடனும் அப்படித்தான். பி.டி.பி.டி.என். எனும் அரசாங்க உயர்கல்விக் கடன் பாக்கி இருப்பதைச் சொல்லாமல் விண்ணப்பப் பாரம் நிரப்பிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். திருப்பிக் கட்ட வழியில்லாத கடனோடு வருகிறவரை நவதுறவில் சேர்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பழைய நோய், மருந்து, காதல் எல்லாம் முதல் சந்திப்பிலேயே வரவேண்டிய பேச்சு.

எந்த வாழ்க்கைக்கு என்று தெரியாமலே "போகணும்" என்பவர்கள் நிறைய. ஆயர் எனும் பிஷப்பின் கீழ் வேலை செய்கிற மறைமாவட்டக் குரு ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. ஆயருக்குக் கீழ்ப்படிவதாகவும் மணம் செய்யாமல் வாழ்வதாகவும் உறுதி தருகிறார். எங்கள் பக்கத்துப் பையன்களுக்குத் தெரிந்த பினாங்கு குருமடம் அந்த வழிக்கு. 1665-இல் தாய்லாந்தின் அயுத்தயாவில் தொடங்கி 1808-இல் பினாங்குக்கு வந்த பழைய வீடு அது. துறவற பிரதர் வேறு. அவர் குருவாக வேண்டும் என்றே இல்லை. பெண் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். 1852-இல் பினாங்கு வந்த குழந்தை இயேசு சபை சிஸ்டர்கள் கான்வெண்ட் பள்ளிகளால் தெரிந்தவர்கள், அதனால் சிஸ்டர் என்றால் டீச்சர் என்றே நினைப்பு. சிரம்பானில் கார்மேல் மடம் இருக்கிறது, அங்கே அடைபட்ட ஜெப வாழ்க்கை என்று சொன்னால் கண்ணை விரிக்கிறார்கள். உடுப்பைப் பார்த்து, இன்ஸ்டாகிராம் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி நான் பேச வேண்டியதில்லை. அங்கே போய் மூணு நாள் தங்கி, காலை ஜெபத்துக்கு எழுந்து, சமையல்கட்டில் வெங்காயம் உரித்துப் பாருங்கள்.

எப்போது முடிவெடுப்பது என்பதிலும் அவசரம் வேண்டாம். காதல் முறிந்த வாரம் ஒருத்தி கன்னியர் மடம் போகிறேன் என்பாள். தியானம் முடிந்து வந்த ராத்திரி ஒருவன் வேலையை விட்டுவிடுகிறேன் என்பான். மனம் வறண்டு இருட்டாகக் கிடக்கும்போது ஏற்கெனவே எடுத்த முடிவை மாற்றாதே என்பது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் சொன்ன விதி. பொங்கி வழியும்போது பால் எவ்வளவு என்று அளக்க முடியாது என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

தங்கிப் பார்க்கப் போகும் இடத்தில், எங்கள் பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படும் கேள்வி ஒன்று உண்டு: "இங்கே சேர்ந்துட்டு வெளிய போனவங்க இப்போ உங்களோட பேசுறாங்களா?" பதில் சொல்லும் முகத்தைப் பாருங்கள். போன வருஷம் ஒரு பெண்ணை அப்படிக் கேட்கச் சொல்லி அனுப்பினேன். சிஸ்டர் சிரித்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு முறுக்கு கொண்டு வருவார்கள் என்றாராம். அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. ரெண்டு தடவை போய் வந்துவிட்டாள், பள்ளிக்குத் தூக்கிப் போகும் பழைய பையோடு. ஊரில் ஐந்து பேருக்குத்தான் தெரியும்.