எஃகுப் பரப்பில் குழியும் கோடும்: உராய்வைக் குறைக்கப்போய்ச் செய்யும் தவறுகள்

பளபளவென்று மெருகேற்றினால் உராய்வு குறைந்துவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. ரொம்ப வழவழப்பான இரண்டு எஃகுப் பரப்புகள் பாரத்தோடு உரசி நகரும்போது எண்ணெய் தங்க இடமில்லை; படலம் அறுந்த இடத்தில் இரும்பும் இரும்பும் ஒட்டி, ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும். இன்ஜின் சிலிண்டரின் உள்சுவரில் ஹோனிங் செய்து (நுண்ணிய சாணைக்கல்லால் தேய்த்து) குறுக்குக் கோடு போடுவதே எண்ணெயைப் பிடித்துவைக்கத்தான்.

அடுத்தது, டிராயிங்கில் ஆர்ஏ (Ra, பரப்பின் சராசரிச் சொரசொரப்பு) 0.4 மைக்ரான் என்று எழுதிவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பது. என்னைக் கேட்டால் அதிக சேதம் இதனால்தான். சராசரிக் கோட்டிலிருந்து மேடும் பள்ளமும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைத்தான் ஆர்ஏ சொல்லும், எது மேடு எது பள்ளம் என்று சொல்லாது. அளவுக்கருவி தரும் வரைபடத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பினாலும் ஆர்ஏ மாறாது. ஆனால் ஒன்றில் தட்டையான மேட்டுக்கு நடுவே ஆங்காங்கே எண்ணெய் தேங்கும் பள்ளங்கள், மற்றதில் எதிர்ப் பாகத்தை அரம் மாதிரி ராவித் தள்ளும் முனைகள். அதனால் மேடு தூக்கலா பள்ளம் தூக்கலா என்று காட்டும் ஆர்எஸ்கே (Rsk) மதிப்பையும் கேட்டு வாங்குங்கள்; பள்ளம் தூக்கலாக இருந்தால் அது மைனஸில் வரும். உராயும் பாகத்துக்கு அது மைனஸில் வருவதே பெரும்பாலும் நல்லது.

எண்ணெய் தேங்குவதற்காகப் பரப்பில் லேசரால் போடும் நுண்ணிய குழிக்கு வருவோம். இஸ்ரேலின் டெக்னியானில் இட்ஷாக் எட்சியோன் குழுவினர் 1990களில் சுழலும் ஷாஃப்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் போன்ற பாகங்களில் இதை ஆராய்ந்து பிரபலமாக்கினார்கள். குழி ஒவ்வொன்றும் சுமார் 100 மைக்ரான் அகலம், சில மைக்ரான் ஆழம். முகத்தோடு முகம் படியும் தட்டையான பாகங்களில் அது பலன் தந்தது என்பதற்காக அதே குழியைக் கியர் பல்லிலும் பேரிங்கின் உருளைகள் ஓடும் தடத்திலும் போடுகிறார்கள், அங்கேதான் வம்பு. தொடும் இடமே மெல்லிய ஒரு கோடுதான், அழுத்தமோ மிக அதிகம். ஆழமான குழி அதற்குள் வந்தால் எண்ணெய்ப் படலம் சரிந்து, குழியின் விளிம்பிலிருந்தே வெடிப்பு கிளம்பலாம்.

லேசர் பட்டு உருகிய உலோகம் குழியைச் சுற்றி வரப்பாக உறைந்து நிற்கும். பல இடங்களில் எண்ணெய்ப் படலம் ஒரு மைக்ரான்கூட இருக்காது என்பதால் அந்த வரப்பு நேராகப் போய் எதிர்ப் பாகத்தில் உரசும். லேசாக லேப்பிங் செய்து (நுண்ணிய தேய்ப்புத் தூள் கொண்டு தேய்த்து) எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் குழி ஆழத்தை மறுபடி அளந்துவிடுங்கள்.

தேய்க்கும்போது விழும் கோடு ஓடும் திசையையும் யாரும் கவனிப்பதில்லை. ஆயில் சீல் உட்காரும் ஷாஃப்டை லேத்தில் சுற்றவிட்டு, எமரி பேப்பரை நீளவாக்கில் நகர்த்திக்கொண்டே தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத திருகு மரை விழும், ஷாஃப்ட் சுற்றச் சுற்ற அதுவே எண்ணெயை வெளியே பம்ப் செய்யும். சீலை மாற்றி மாற்றிப் போட்டாலும் கசிவு நிற்காது. இதற்கு எளிய சோதனை உண்டு: ஷாஃப்டை மட்டமாக வைத்து லேசாக எண்ணெய் தடவி, மேலே ஒரு நூலைப் போட்டு அதன் நுனியில் சின்ன எடை கட்டித் தொங்கவிட்டு மெதுவாகச் சுற்றுங்கள். நூல் பக்கவாட்டில் நகர்கிறதா? சரி, இப்போது எதிர்த் திசையில் சுற்றுங்கள். நூலும் திரும்பி எதிர்ப்பக்கம் நகர்ந்தால் மரை இருக்கிறது; இரண்டு தடவையும் ஒரே பக்கம் போனால் ஷாஃப்ட் மட்டமாக இல்லை. மரை இருந்தால், சாணைச் சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் நேராக உள்ளே கொடுத்து மறுபடி கிரைண்டிங் செய்ய வேண்டும்.