கலிபோர்னியா கவுன்ட்டிகளின் வெளிநாட்டு இடப்பெயர்வு: வரைபடம் போடுவது எப்படி?

கலிபோர்னியாவில் 58 கவுன்ட்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி). மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் எந்தக் கவுன்ட்டிக்கு வெளிநாட்டிலிருந்து அதிகம் பேர் வந்து சேர்கிறார்கள்? இதை வரைபடமாகப் பார்க்க ஆசைப்பட்டேன். ஒரு மாலை வேலை என்று நினைத்தது இரண்டு நாள் இழுத்தது. உங்களுக்காவது அந்த நேரம் மிச்சமாகட்டும்.

முதலில் தரவு. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் கவுன்ட்டி வாரியான மதிப்பீடுகள் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கிடைக்கும். மாநில எண் 06 உள்ள வரிகளை மட்டும் எடுங்கள். கவுன்ட்டி எண் 000 என்றிருப்பது மாநில மொத்தம், அதை நீக்கிவிடுங்கள்.

அடுத்து நெடுவரிசை. நிகரப் பன்னாட்டு இடப்பெயர்வு, அதாவது வந்தவர்களில் போனவர்களைக் கழித்தது, இரண்டு விதமாக இருக்கும்: ஆள் எண்ணிக்கை ஒன்று, நெடுவரிசையின் பெயருக்கு முன் ‘ஆர்’ (R) என்ற எழுத்தைச் சேர்த்த விகிதம் இன்னொன்று. நமக்கு விகிதம்தான் வேண்டும். ஆண்டின் தொடக்க, இறுதி மக்கள்தொகைகளின் சராசரியில் ஆயிரம் பேருக்கு எத்தனை என்பது அது. ஆண்டு என்றால் இங்கே ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை. 2020-க்கு விகிதம் தேடாதீர்கள். அந்த எண்ணிக்கை ஏப்ரல் முதல் ஜூன் வரை மட்டும்தான்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கப்புறம். கவுன்ட்டி எல்லைகள் உள்ள வரைபடக் கோப்போடு, கவுன்ட்டி எண்ணை வைத்துத் தரவை இணைத்தால் ஒரு கவுன்ட்டியிலும் நிறம் விழவில்லை. காரணம் ஒரு பூஜ்யம். வரைபடத்தில் லாஸ் ஏஞ்சலஸின் எண் 06037. என் அட்டவணையில் அது 637! கோப்பைச் சும்மா இரட்டைச் சொடுக்கில் திறந்ததால் 06 என்பது 6 ஆகவும், 037 என்பது 37 ஆகவும் சுருங்கிவிட்டன. லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் திறந்தால், திறக்கும்போதே ஒரு சாளரம் வரும். அதில் மாநில எண், கவுன்ட்டி எண் இரண்டையும் ‘உரை’ என்று மாற்றிவிட்டு உள்ளே போங்கள். அதற்காகவே எனக்கு அது பிடிக்கும். பிறகு இரண்டையும் ஒட்டினால் ஐந்து இலக்கம் சரியாக வரும். வரைபடம் போடும் மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் சேர்க்கும்போதும் கவனம்: தரவு வகையைத் தானாகக் கண்டறியும் தேர்வை நீக்காவிட்டால் பூஜ்யம் மறுபடியும் போய்விடும்.

சரி, நிறம் வந்துவிட்டது. உடனே முடிவுக்கு வராதீர்கள். 2020 கணக்கெடுப்பில் அல்பைன் கவுன்ட்டியில் இருந்தவர்கள் 1,204 பேர். அங்கே ஐந்து பேர் கூடினாலே விகிதம் 4-ஐத் தாண்டும். ஒரு கோடிப் பேர் வாழும் லாஸ் ஏஞ்சலஸில் அதற்கு 40,000 பேருக்கு மேல் வர வேண்டும். சின்னக் கவுன்ட்டிகளுக்கு மூன்று ஆண்டுச் சராசரி போடுங்கள்.

பின்சேர்க்கை: பழைய கோப்பிலிருந்து ஓர் ஆண்டு, புதியதிலிருந்து ஓர் ஆண்டு என்று எடுத்து ஒப்பிட்டதாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். வேண்டாம். ஒவ்வொரு வெளியீட்டிலும் முந்தைய ஆண்டுகளின் மதிப்பீடும் திருத்தப்படுகிறது; 2024 வெளியீட்டில் பன்னாட்டு இடப்பெயர்வைக் கணக்கிடும் முறையே மாறியது. எல்லா ஆண்டுகளையும் கடைசிக் கோப்பிலிருந்தே எடுங்கள்.